வேர்க்கடலை, பால் அலர்ஜி உள்ள பிள்ளை முதல் வகுப்புக்குப் போகிறான்: பள்ளியிடம் என்னென்ன சொல்லி வைக்க வேண்டும்?

கேட்டவர்: மலர்_அம்மா

மகனுக்கு ஆறு வயது, எடை 19 கிலோ. வேர்க்கடலைக்கும் பாலுக்கும் அலர்ஜி என்று மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். லேசான ஆஸ்துமாவும் உண்டு. 0.15 மி.கி. அட்ரினலின் ஆட்டோ இன்ஜெக்டர் (கடுமையான ஒவ்வாமை வந்தால் தொடையில் அழுத்திப் போடும், மருந்து நிரப்பிய தயார் ஊசி) இரண்டு கையில் இருக்கின்றன. பள்ளியில் கேட்டால், "மருந்தைக் கொடுங்கள், அலுவலக அலமாரியில் பூட்டி வைக்கிறோம். ஏதாவது என்றால் உங்களுக்குப் போன் செய்கிறோம்" என்கிறார்கள். இது போதுமா? எழுத்தில் என்ன கொடுப்பது? பள்ளி முழுக்க வேர்க்கடலையே கூடாது என்று கேட்கலாமா?

பதில்: பள்ளிச்செவிலி

போதாது. பூட்டு ஒரு தவறு, போன் இன்னொரு தவறு.

கடுமையான ஒவ்வாமையில் சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழாய் அடைக்கலாம், ரத்த அழுத்தம் விழலாம். சாவி யாரிடம் என்று தேடி, பிறகு உங்களைக் கூப்பிட்டு, நீங்கள் சொல்லும்வரை காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். மருந்து பூட்டில்லாத, பெரியவர்களுக்குத் தெரிந்த, சிறு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். வகுப்பிலிருந்தோ சாப்பாட்டு அறையிலிருந்தோ மைதானத்திலிருந்தோ ஐந்து நிமிடத்துக்குள் பிள்ளையின் கைக்கு வந்துசேர வேண்டும். இரண்டு ஊசியும் ஒரே பையில், பிள்ளையின் படம் ஒட்டி, செயல் திட்டத் தாளோடு இருக்கட்டும். ஒன்றைப் பள்ளியிலும் ஒன்றை வீட்டிலும் பிரித்து வைக்காதீர்கள். சிலருக்கு இரண்டாவது டோஸ் தேவைப்படும்.

அந்தத் தாள் மருத்துவர் கையெழுத்திட்ட ஒரே பக்கமாக இருக்கட்டும். "தேவைப்பட்டால் ஊசி போடவும்" என்று எழுதினால் யாரும் போட மாட்டார்கள். எந்த அறிகுறிக்கு என்ன செய்வது என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். உதட்டோரம் லேசான வீக்கம், சில தடிப்புகள், ஒருமுறை வாந்தி என்று ஏதேனும் ஒன்று மட்டும் இருந்தால் ஒவ்வாமை மாத்திரையோ சிரப்போ கொடுத்து, பிள்ளையைத் தனியே விடாமல் கவனிக்கலாம். அப்போதும் இரண்டு ஊசியும் பக்கத்தில் இருக்க வேண்டும். கீழே உள்ளவற்றில் ஒன்று தென்பட்டாலும் அட்ரினலின்தான்:

- விடாத இருமல், விசில் போன்ற மூச்சு, மூச்சுத் திணறல்
- கரகரத்த குரல், விழுங்க முடியாமை, நாக்கு வீக்கம்
- வெளிறிப்போதல், தள்ளாட்டம், திடீர்த் தூக்கக்கலக்கம், மயக்கம்
- அலர்ஜி உணவு உள்ளே போனபின் இரண்டு உறுப்புகளில் சேர்ந்து வரும் அறிகுறி (உடலெங்கும் தடிப்பும் வாந்தியும் போல)

தோலில் எதுவுமே தெரியாமலும் கடுமையான ஒவ்வாமை வரும். "தடிப்பு இல்லையே, அலர்ஜியாக இருக்காது" என்ற நினைப்பு ஆபத்தானது. ஆறு வயதுப் பிள்ளை "மூச்சு முட்டுகிறது" என்று சொல்லாது. "நாக்கு சுடுது", "தொண்டையில் என்னமோ இருக்கு" என்று சொல்லும், நாக்கைப் பிடித்து இழுக்கும், அல்லது திடீரென்று பேச்சடங்கி மடியில் வந்து சாயும். இவற்றை ஆசிரியரிடம் இதே வார்த்தைகளில் சொல்லி வையுங்கள்.

அதிகம் நடக்கும் இன்னொரு பிழை, முதலில் சிரப் கொடுத்துவிட்டு அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது. ஒவ்வாமை மாத்திரையும் சிரப்பும் அரிப்பையும் தடிப்பையும்தான் குறைக்கும். அடைக்கும் மூச்சுக்குழாயைத் திறக்காது, விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்காது. உங்கள் பிள்ளைக்கு ஆஸ்துமா இருப்பதால் இதையும் எழுதிவிடுங்கள்: சாப்பிட்டபின் திடீரென்று மூச்சுத் திணறினால் முதலில் அட்ரினலின், பிறகு இன்ஹேலர். கட்டுக்குள் வராத ஆஸ்துமா இருந்தால் ஒவ்வாமை உயிரைப் பறிக்கும் வாய்ப்பு கூடுகிறது. தினசரி இன்ஹேலரை விட்டுவிடாமல் இருப்பதும் பள்ளிப் பாதுகாப்பில் சேர்ந்ததுதான்.

ஊசி போடும் முறை: பிள்ளையைப் படுக்க வையுங்கள். மூச்சு வாங்கினால் கால் நீட்டி உட்காரலாம். பாதுகாப்பு மூடியைக் கழற்றி, ஊசி வரும் முனையைத் தொடையின் நடுப்பகுதியில், வெளிப்பக்கமாக அழுத்த வேண்டும். கால்சட்டையின் மேலேயே போடலாம். தடித்த தையலும் பையில் கிடக்கும் பொருளும் குறுக்கே வராமல் பாருங்கள். கருவியில் எத்தனை விநாடி போட்டிருக்கிறதோ அத்தனை விநாடி பிடியுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். சிறு பிள்ளை காலை உதறினால் ஊசி தோலைக் கிழித்துவிடும், அதனால் இன்னொருவர் முழங்காலைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். கருவியை முஷ்டியால் பிடியுங்கள், எந்த முனையிலும் கட்டைவிரலை வைக்காதீர்கள். தலைகீழாகப் பிடித்துத் தன் விரலிலேயே போட்டுக்கொள்பவர்கள் உண்டு.

உடனே ஆம்புலன்ஸ், அதன் பிறகுதான் பெற்றோருக்குப் போன். 5 நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி. தேறிவிட்டதுபோல் தெரிந்தாலும் எழுந்து நடக்க விடாதீர்கள், கழிப்பறைக்குக்கூட. ரத்த அழுத்தம் குறைந்திருக்கும்போது சட்டென்று எழுந்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து சரிந்துவிடலாம். சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும் என்பதால் மருத்துவமனையில் கண்காணிப்பும் தேவை.

பதில்: வகுப்பாசிரியை_தேன்மொழி

வகுப்பறைப் பக்கத்தைச் சொல்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் உஷாராக இருப்பார்கள். நழுவுவது பெரும்பாலும் மற்ற நேரங்களில்தான்: பிறந்தநாள் மிட்டாய், நன்றாகப் படித்ததற்குப் பரிசாக ஒரு சாக்லேட், கைவினை வகுப்பு. காலி பால் அட்டைப்பெட்டியில் பொம்மை செய்யச் சொல்வார்கள், வேர்க்கடலைத் தோலை ஒட்டச் சொல்வார்கள். விளையாட்டு மாவில் கோதுமை இருக்கும் (உங்கள் மகனுக்கு இல்லாவிட்டாலும் இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்கு உதவும்). வீட்டிலிருந்து கொடுத்த, கெடாத தின்பண்டங்களை ஒரு டப்பாவில் வகுப்பிலேயே வைத்துக்கொண்டால், எதிர்பாராமல் யாரோ எதையோ விநியோகிக்கும்போது பிள்ளை வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை.

கை கழுவுவது சோப்பும் தண்ணீரும் கொண்டுதான். சானிடைசர் கிருமியைக் கொல்லும், வேர்க்கடலைப் புரதத்தை அகற்றாது. பிள்ளை சாப்பிடும் முன்பும், மற்றவர்கள் சாப்பிட்ட பின்பும் கழுவ வேண்டும். மேசையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த தனித்துணியால் துடையுங்கள்; எல்லா மேசைக்கும் ஒரே துணி என்றால் புரதத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதுதான் நடக்கும்.

அலர்ஜி பிள்ளையைத் தனி மேசையில் ஒதுக்காதீர்கள். அதே மேசையின் ஓரத்தில், பாதுகாப்பான சாப்பாடு கொண்டுவரும் இரண்டு நண்பர்களோடு உட்காரவைத்தால் போதும். யாராவது வேண்டுமென்றே கடலையைக் காட்டி மிரட்டினால் அதைக் குறும்பு என்று விடாமல் உடனே நிறுத்த வேண்டும்.

வகுப்பாசிரியர் விடுப்பில் போகும் நாளை யோசியுங்கள். மாற்று ஆசிரியருக்கு யார் சொல்வார்கள்? வருகைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் திட்டத் தாளின் நகல் இருந்தால் யார் வந்தாலும் கண்ணில் படும். சுற்றுலாவின்போது மருந்துப் பை பேருந்தின் சாமான் அறைக்குப் போகக்கூடாது, பிள்ளையோடு இருக்கும் ஆசிரியரின் தோளில் தொங்க வேண்டும்.

பதில்: உணவியல்_அருள்

தடை பற்றிக் கேட்டீர்கள். பள்ளி முழுக்க வேர்க்கடலைத் தடை என்பது கேட்க நிம்மதியாக இருக்கும், ஆனால் நூற்றுக்கணக்கான வீட்டுச் சமையலறைகளை யாராலும் சோதிக்க முடியாது. தடை இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஊசியைத் தேட மறந்தால் அது இன்னும் மோசம். பாலையும் தடை செய்ய முடியாது. "உணவைப் பகிராதே, வீட்டிலிருந்து வந்ததை மட்டும் சாப்பிடு" என்ற விதியும், பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் இருப்பதே என் கருத்தில் அதிகப் பலன் தரும். வேர்க்கடலை வெண்ணெயின் வாசனை மட்டும் பட்டுக் கடுமையான ஒவ்வாமை வருவதில்லை. வாய்க்குள் போவதுதான் முக்கிய ஆபத்து. கொதிக்கும் பாலின் ஆவி வேறு கதை, அதில் புரதம் கலந்து வரலாம், ஆஸ்துமா உள்ள பிள்ளை சமையலறைப் பக்கம் நிற்க வேண்டாம்.

லேபிளில் பால் என்ற சொல் இல்லாமல் கேசீன், கேசினேட், வே, மோர்ப்பொடி என்று இருந்தாலும் பால்தான். "லாக்டோஸ் இல்லாதது" என்பதை வைத்து ஏமாறாதீர்கள்: அதில் நீக்கியது சர்க்கரையை, அலர்ஜி தருவது புரதம். ஒரே பொருளின் செய்முறை சொல்லாமல் மாறும், ஆகவே ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படியுங்கள். பள்ளிச் சமையலறையில் பொரித்த எண்ணெய், கரண்டி, வெட்டும் பலகை மூன்றையும் கேளுங்கள். சூடாக்கினால் கடலைப் புரதம் அழிந்துவிடும் என்பது தவறு.

கேட்டவர்: மலர்_அம்மா

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆசிரியர்களின் பயம் ஒன்றே ஒன்று: தேவையில்லாமல் போட்டுவிட்டால் என்ன ஆகும்? இன்னொன்று, பள்ளியில் வெயில் நேரத்தில் அறை ரொம்பச் சூடாகும்.

பதில்: பள்ளிச்செவிலி

தொடையில் சரியான டோஸ் போட்டால், ஆரோக்கியமான பிள்ளைக்குச் சற்று நேரம் படபடப்பு, கை நடுக்கம், முகவெளிறல், தலைவலி வரலாம், பிறகு அடங்கும். தாமதத்தால் வரும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. சந்தேகமென்றால் போடுங்கள் என்பதைத் திட்டத் தாளிலேயே மருத்துவர் எழுதித் தந்தால் ஆசிரியர்களுக்குத் தைரியம் வரும். ஊசி இல்லாத பயிற்சிக் கருவி ஒன்று வாங்கி, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஆசிரியர்கள் தங்கள் தொடையிலேயே அழுத்திப் பார்க்கட்டும். அதன் நிறம் உண்மையானதைப் போலவே இருந்தால், இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

மருந்தை 20 முதல் 25 டிகிரியில் வைக்க வேண்டும், சிறிது நேரம் 15 முதல் 30 வரை போகலாம். ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது, ஜன்னலோரமும் வண்டிக்குள்ளும் கூடாது. அறை சூடானால் வெப்பம் தடுக்கும் பை வாங்குங்கள், ஆனால் ஐஸ் கட்டி நேரடியாகக் கருவியைத் தொடக்கூடாது. கருவியில் உள்ள சிறு ஜன்னல் வழியே மாதம் ஒருமுறை பாருங்கள். திரவம் பழுப்பாகவோ கலங்கலாகவோ இருந்தால் மாற்றுங்கள். காலாவதித் தேதியை உங்கள் போனிலும் பள்ளிப் பதிவேட்டிலும் குறித்து, ஒரு மாதம் முன்பே புதியதற்குச் சீட்டு வாங்குங்கள். எடையையும் அப்போதே பார்த்துவிடுங்கள். 0.15 மி.கி. பொதுவாக 15 முதல் 30 கிலோவுக்கு. 25 கிலோவிலேயே 0.3க்கு மாற்றும் மருத்துவர்களும் உண்டு.