பீட்டர் ஐரடேல் கப்பல் வரை சக்கர நாற்காலியில் செல்ல வழி தேவை

வணக்கம். ஆரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் மாநிலப் பூங்காவில் வியாழன் முதல் தங்கியிருக்கிறோம். ஞாயிறு நண்பகலில் கிளம்ப வேண்டும். 1906 அக்டோபர் 25 அன்று இங்கே தரைதட்டிய பீட்டர் ஐரடேல் என்ற பாய்மரக் கப்பலின் துருப்பிடித்த இரும்புச் சட்டத்தை அருகில் சென்று தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது 74 வயதான என் அம்மாவின் நெடுநாள் ஆசை. ஆனால் வாகன நிறுத்துமிடத்தைத் தாண்டியதும் வரும் உலர்மணலில் அவருடைய சக்கர நாற்காலி புதைந்து நின்றுவிடுகிறது.

நாற்காலி சாதாரண மடக்கு வகை. பின்சக்கரம் 24 அங்குலம், முன்சக்கரங்கள் சிறிய கெட்டி ரப்பர். முன்சக்கரங்கள்தான் முதலில் இறங்குகின்றன. திருப்பிப் பின்பக்கமாக இழுத்தோம். பத்தடிக்கு மேல் நகரவில்லை. இரண்டு ஒட்டுப்பலகைகளை மாற்றி மாற்றி விரித்துப் பார்த்ததில், சரிவில் பலகை வழுக்கியதால் அம்மா பயந்துவிட்டார். கடல் வற்றும் நேரத்தில் கப்பலைச் சுற்றியுள்ள ஈரமணல் நன்றாக இறுகியிருப்பதை நானே நடந்து பார்த்தேன்; அங்கே சேர்ந்துவிட்டால் சக்கரம் உருளும், அதற்கு முந்தைய உலர்மணலைக் கடப்பதுதான் தீராத சிக்கல். அஸ்டோரியாவில் விசாரித்த ஒரு கடையில் பருத்த டயர் கொண்ட நாற்காலி இல்லை.

1942 ஜூன் 21 இரவு ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் இந்தப் பூங்காவில் உள்ள பழைய ராணுவக் கோட்டையை நோக்கிச் சுட்ட கதையை ரஸ்ஸல் பீரங்கித் தளத்தின் கீழே அமர்ந்தபடியே அம்மா ஆர்வமாகக் கேட்டார். படியேற முடியாதது அங்கே அவருக்குக் குறையாகத் தெரியவில்லை. கப்பலைத் தொலைவிலிருந்து பார்த்தது மட்டும் அவருக்குப் போதவில்லை.

இந்தக் கடற்கரையில் நடக்க இயலாத ஒருவரைக் கப்பலின் அருகே அழைத்துச் சென்றவர்கள், உலர்மணலை எந்த வகை நாற்காலி அல்லது சக்கரத்தைக் கொண்டு கடந்தீர்கள்?