தோட்டத்து மண்ணிலும் சுடும் திடலிலும் கிடைத்த தோட்டா ஓடுகள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பழைய கிராணி, சுங்கை சிப்புட்

மலேசியாவில் பேராக் மாநிலத்து எங்கள் பக்கம் ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை போடும்போதெல்லாம் புல்டோசர் போன தடத்தில் பித்தளைத் தோட்டா ஓடுகள் கிளம்பும். இரவு நல்ல மழை பெய்து மண் கழுவிப் போயிருந்தால் காலையில் கண்ணிலேயே படும். பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு போய் பெசி புரோக் என்கிற பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போட்டுவிடுகிறார்கள். ஏறக்குறைய 90 ஓடு சேர்ந்தால் ஒரு கிலோ. எனக்கு அதில் மனம் ஒப்பவே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். இப்போது என் மேசையில் இருப்பது .303 ரைபிள் ஓடு. சுண்டுவிரல் நீளம்தான், 56 மில்லிமீட்டர். வாய்ப்பக்கம் குறுகி, அடிப்பக்கம் விளிம்பு கட்டியிருக்கும். பாதி பச்சை பிடித்திருக்கிறது. அடிப்பாகத்தை ஈரத்துணியால் துடைத்தால் எழுத்து தெரிகிறது: கே எஃப், 43, ரோமன் எழுத்தில் ஏழு. கே எஃப் என்பது புனே பக்கத்துக் கிர்க்கி தோட்டா ஆலை. 43 என்றால் 1943இல் செய்தது. ஏழு என்பது தோட்டாவின் ரகம்.

இந்த 43தான் முக்கியம். ஜப்பானியர் வந்தபோது பிரிட்டிஷ் படையும் இந்தியப் படையும் பேராக் வழியாகப் பின்வாங்கின. கம்பார் சண்டை நடந்தது 1941 டிசம்பர் கடைசியிலும் 1942 ஜனவரி தொடக்கத்திலும். 1943இல் செய்த தோட்டா அந்தச் சண்டையில் வெடித்திருக்க முடியாது. 44, 45இல் ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் ரகசியப் படை காட்டுக்குள் விமானத்தில் போட்டதாக இருக்கலாம், இல்லையென்றால் பிரிட்டிஷ் அரசும் கம்யூனிஸ்டுகளும் மோதிக்கொண்ட அவசரகாலத்தில் சுட்டதாக இருக்கலாம். அவசரகாலம் தொடங்கியதே நம் ஊரில்தானே. 1948 ஜூன் 16 காலையில் எல்ஃபில் தோட்டத்தில் ஒரு துரை, பின் சூன் தோட்டத்தில் இரண்டு பேர் என்று மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு 1960 வரைக்கும் ஊரடங்கு, முள்வேலி, அரிசிக்குக் கட்டுப்பாடு. பால் மரம் சீவப் போனவர்கள் இரண்டு பக்கத்துத் துப்பாக்கிக்கும் நடுவில் நின்றார்கள். நம் தாத்தா பாட்டி அந்த நாட்களை எழுதி வைக்கவில்லை. எந்தத் தீம்பாரில், அதாவது தோட்டத்தின் எந்தப் பகுதியில், சுட்டார்கள் என்பதற்கு இந்த ஓடுகள்தான் சாட்சி. அதை உருக்கக் கொடுத்தால் எப்படி?

உங்களுக்குக் கிடைத்தது, பார்த்தது, கேட்டது எல்லாம் எழுதுங்கள்.

முன்னாள் ராணுவம்

வணக்கம் ஐயா. எனக்குத் தெரிந்தது தோட்டத்து ஓடு இல்லை, லாப்பாங் சாசார் என்கிற சுடும் திடலின் ஓடு. நான் இருந்த பிரிவில் கொடுத்த தோட்டா எத்தனையோ அத்தனை கெலொங்சோங்கும் (காலி ஓடும்) திரும்ப ஸ்டோருக்குப் போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் யாரும் லாரியில் ஏற முடியாது.

ஒரு தடவை ஒன்று குறைந்துவிட்டது. மத்தியான வெயில், முழங்கால் உயரத்துக்கு லாலாங் புல். தோளோடு தோள் உரசுகிற மாதிரி வரிசையாக நின்று குனிந்தபடியே நகர்ந்தோம். விரலை விட்டுப் புல்லின் அடியைத் தடவிப் பார்க்க வேண்டும், கண்ணை நம்பக் கூடாது. கடைசியில் அது கிடைத்தது புல்லில் இல்லை, ஒருவருடைய சட்டைக் காலருக்குள். எம்16 துப்பாக்கி சுட்ட தோட்டாவின் ஓட்டை வலப்பக்கம் தள்ளும். வலப்பக்கம் படுத்திருந்தவரின் கழுத்து வழியாக இறங்கிவிட்டது. சுட்ட மாத்திரத்தில் ஓடு கொதிக்கும். அவருக்குத் தோலில் நீளவாக்கில் கொப்புளம், ஆனாலும் அசையவில்லை. புது ஆட்களுக்கு நாங்கள் முதலில் சொல்லித் தருவது இதுதான்: சூடு பட்டால் துள்ளாதே, முனை குறியைப் பார்த்தபடியே துப்பாக்கியைக் கீழே வை, பிறகு சட்டையை அவிழ். துள்ளும்போது முனை பக்கத்தில் இருப்பவன் மேல் திரும்பிவிடும்.

அதிகாரி எல்லாத் துப்பாக்கியையும் திறந்து பார்த்து, காலி என்று சொன்ன பிறகுதான் பொறுக்கக் குனியலாம். அதற்கு முன்னால் காலடியில் கிடந்தாலும் தொடக் கூடாது.

லயத்துப் பொண்ணு

கிராணி ஐயா, படித்ததும் எங்கள் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. அவர் தோட்டாவைக் கையால் தொடவே விடமாட்டார். ஐ.எஸ்.ஏ. என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இருந்த காலத்தில் அனுமதி இல்லாமல் தோட்டா வைத்திருந்தால் தூக்கு வரைக்கும் போகும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சட்டம் 2012இல் போய்விட்டது. ஆனால் 1960 ஆயுதச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் இன்னும் சுடாத தோட்டா வைத்திருந்தால் ஏழு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பாட்டியின் பயம் நியாயமானதுதான்.

என் தம்பி பிரிஸ்பேனில் இருக்கிறான். அங்கே லைசென்ஸ் எடுத்துக் கிளப்பில் சேர்ந்து குறி சுடுகிறான். போன தடவை போனபோது என்னையும் கூட்டிப் போனான். சுட்டு முடித்ததும் ஆளாளுக்குப் பையை எடுத்துக்கொண்டு அவரவர் ஓட்டைப் பொறுக்குகிறார்கள். அடுத்தவர் ஓட்டைக் கேட்காமல் எடுப்பது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். தோட்டா என்பது ஓடு, பிரைமர் (அடியில் இருந்து தீப்பொறி தருவது), வெடிமருந்து, குண்டு நான்கும் சேர்ந்தது, அதில் ஓடுதான் விலை கூடியது, அதுவே திரும்பத் திரும்ப உதவுவதும் என்றான். அங்கே லைசென்ஸ் உள்ளவர்கள் வீட்டிலேயே மறுபடி அடைத்துக்கொள்கிறார்கள்.

எல்லா ஓடும் ஆகாது. முதலில் காந்தத்தைக் காட்டுகிறான், ஒட்டினால் இரும்பு, தள்ளிவிடுவான். பிறகு உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கிறான். நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்ஸர் வகை, பழைய பிரைமரை ஊசியால் தள்ளி எடுத்துவிடலாம். இரண்டு சின்னத் துளை இருந்தால் பெர்டான், அது பெரிய வேலை, பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. அப்புறம் ஒரு மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து ஓட்டுக்குள் விட்டு, அடிப்பக்கம் உள்சுவரைத் தடவுகிறான். கம்பி பள்ளத்தில் சிக்கினால் அங்கே பித்தளை மெலிந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த தடவை சுட்டால் ஓடு இரண்டாகப் பிய்ந்துவிடும். .303தான் இதில் ரொம்ப மோசமாம், துப்பாக்கியின் அறைக்குள் இழுபட்டு நீண்டுவிடுமாம். என் கையில் கம்பியைக் கொடுத்தான். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் கம்பி 'டக்' என்று நின்றது!

கழுவுவதற்குச் சிட்ரிக் அமிலம் போட்டான். நாம் குத்துவிளக்குக்குப் புளி போடுகிற அதே காரியம். நான் வீட்டில் வைத்திருக்கும் பித்தளை பாலிஷைச் சொன்னேன், அமோனியா கலந்தது வேண்டவே வேண்டாம், ஓடு கீறல் விட்டுவிடும் என்றான். ஏன் என்று யாராவது சொல்லுங்களேன். மறக்காமல் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னான். பிரைமர் புகையில் ஈயம் இருக்கிறது, பிள்ளைகள் உள்ள வீட்டில் ரொம்பக் கவனம்.

பெசி புரோக் லாரி

நான் இரும்பு எடுக்கிறவன். சுருக்கமாகச் சொல்கிறேன். குண்டு இன்னும் வாயில் இருக்கிற தோட்டா கலந்து வந்தால் எடை போடாதீர்கள், தட்டாதீர்கள், தண்ணீரில் ஊறிப் போயிருக்கும் என்று நினைக்காதீர்கள். எங்கள் குவியலில் ஒரு தடவை வந்தது, கூடவே துரு பிடித்த உருண்டை ஒன்று. முதலாளி எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுப் போலீசுக்குப் போன் செய்தார். யூனிட் பெமுஸ்னா போம் என்கிற வெடிகுண்டு அகற்றும் பிரிவு ஆட்கள் வந்து எடுத்துப் போனார்கள். ஒரு நாள் வியாபாரம் போனது, பரவாயில்லை.

பழைய கிராணி, சுங்கை சிப்புட்

தங்கச்சி, அமோனியா விஷயம் நானே கண்ணால் கண்டது. ரப்பர் பால் ஸ்டோரில் பால் கட்டிப் போகாமல் இருக்க அமோனியா ஊற்றுவோம், உள்ளே போனாலே கண் எரியும். அங்கே வேலை செய்த ஒருவர் கண்டெடுத்த ஓடுகளை ஸ்டோர் பலகையில் அடுக்கி வைத்திருந்தார். கொஞ்ச காலத்தில் எல்லாவற்றிலும் கழுத்திலிருந்து கீழ்நோக்கி மயிரிழைக் கீறல். அதே காட்டில் எடுத்து என் வீட்டில் வைத்தவை நன்றாகவே இருந்தன.

ஓட்டுப் பித்தளை 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும். அச்சில் இழுத்து ஓடாக்கும்போது அதற்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது. அமோனியா பட்டால் அந்த இறுக்கம் கீறலாக வெளிவரும். பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயத்துப் பக்கம் வைத்த தோட்டாக்களின் ஓடுகள் இப்படித்தான் கீறல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அமோனியாதான் காரணம் என்று 1921இல் ஆராய்ந்து எழுதினார்கள். வாய்ப்பக்கத்தைச் சூடு காட்டிப் பதப்படுத்தினால் இறுக்கம் தளரும். உங்கள் தம்பிக்கு இது தெரிந்திருக்கும்.

நம் ஊரில் ஓட்டை மறுபடி அடைக்கும் பேச்சே வேண்டாம். தோட்டா செய்யவும் அனுமதி வேண்டும், வேட்டைத் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கும் நம்மவர்களே அனுமதித்த எண்ணிக்கையைத்தான் கடையில் வாங்குகிறார்கள். பன்றி சுடப் போனவர்கள் செம்பனைக்கு அடியில் விட்டுப் போகும் பிளாஸ்டிக் ஓடுகளையும் பொறுக்கி அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

பழைய காலி ஓடு கிடைத்தால் முதலில் போலீஸ் நிலையத்தில் காட்டுங்கள். அவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், பச்சையோடு எழுத்தும் போய்விடும். அடிப்பாகத்தைப் படம் எடுத்து, எந்தத் தோட்டம், எந்த நம்பர் தீம்பார், எந்தச் சரிவு என்று ஒரு சீட்டில் எழுதி ஓட்டோடு கட்டி வையுங்கள். படத்தை இங்கே போட்டால் எழுத்தைப் படித்துச் சொல்கிறேன்.