முதல் டெல்லி நடைக்குப் புதிய லாரி ஓட்டுநர் வண்டியில் எவற்றை வைத்திருக்க வேண்டும்?

கேள்வி: ராசிபுரம் புது ஓட்டுநர்

அனைவருக்கும் வணக்கம். கனரக வாகன உரிமம் பெற்றபின் ஓராண்டாக ஈரோடு, பாலக்காடு, கொச்சி என்று கிட்டத்து நடைகளில் இரண்டாம் ஓட்டுநராகச் சென்று வந்திருக்கிறேன். டிசம்பர் நடுவில் ராசிபுரத்திலிருந்து ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு டெல்லிக்குச் செல்லும் 12 சக்கர லாரியை முதன்முறையாக என் பொறுப்பில் விடப்போகிறார்கள். வண்டி பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்யப்பட்டது) வகை, மூன்று ஆண்டுகள் ஓடியது. உடன் வருபவரும் புதியவர்தான், கிளீனர் கிடையாது. கருவிப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது துருப்பிடித்த சில ஸ்பேனர்களும், எந்த வண்டிக்கு உரியவை என்றே தெரியாத இரண்டு பெல்ட்டுகளும் மட்டுமே கிடந்தன. ஆளுக்கொரு பட்டியல் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் கேட்டால் ஓர் உதிரிபாகக் கடையையே ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். வழியில் உண்மையிலேயே கைகொடுப்பவை எவை, முதலாளியிடம் எதைக் கேட்டு வாங்குவது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: வடக்கு லைன் பழைய ஓட்டுநர்

தம்பி, சாலையோரத்தில் உங்கள் இருவரின் கைகளால் மாற்ற முடியாத எந்தப் பொருளும் வண்டியில் இருந்து பயனில்லை. கிளட்ச் தட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? எனவே முதலில் டயரைப் பாருங்கள், ஏனென்றால் நீண்ட நடையில் வண்டி நிற்பது பெரும்பாலும் அதனால்தான். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதை யாரும் பார்ப்பதில்லை; தேவைப்படும் நாளில்தான் அதுவும் தட்டையாகக் கிடப்பது தெரியும். நிறைலோடு தாங்கும் ஹைட்ராலிக் ஜாக்கி, அதற்கு அடியில் வைக்கக் கெட்டியான மரப்பலகை, வீல் ஸ்பேனர், அதில் மாட்டி மிதிக்க நீளமான குழாய், உருளாமல் தடுக்க இரண்டு சக்கரக் கட்டைகள் ஆகியவை கட்டாயம் வேண்டும். மழையில் நனைந்த மண்ணில் பலகையில்லாமல் ஜாக்கியை ஏற்றினால் வண்டி மேலே வராது, ஜாக்கிதான் கீழே போகும். புறப்படுவதற்கு முன்பே ராசிபுரத்தில் லோடு ஏற்றிய நிலையில் ஒரு பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். சில வண்டிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் எதிர்ப்புறமாகச் சுழலும் என்பது அப்போதுதான் தெரியும். தெரியாமல் இரவில் இறுக்கும் பக்கமாகவே மிதித்து போல்ட்டை முறித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாற்றிய சக்கரத்தின் நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் இறுக்க வேண்டும். உதிரி நட்டுகள் நான்கைந்து போதும்.

காற்றழுத்த மானி ஒன்று சொந்தமாக வைத்திருங்கள். இரும்புக் கம்பியால் தட்டி ஓசையைக் கேட்கும் பழக்கம் நல்லதுதான். ஆனால் பாதியளவு காற்றிறங்கிய உள்டயரை அது எப்போதும் காட்டிக்கொடுப்பதில்லை. அந்தக் கம்பியையே இரட்டை டயர்களுக்கு நடுவில் சிக்கிய கல்லை நெம்பி எடுக்கவும் பயன்படுத்தலாம்.

உங்கள் லோடு ஜவ்வரிசி என்பதால் தார்ப்பாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரம் பட்ட மூட்டையை இறக்குமிடத்தில் ஏற்கமாட்டார்கள், அந்த நஷ்டம் உங்கள் தலையில் விழும். மழை இல்லாவிட்டாலும் அந்த மாதத்தில் வடக்கே விடிய விடியப் பனி கொட்டும். ஓட்டையில்லாத தார்ப்பாய் இரண்டு, உதிரிக் கயிறு, கோணி ஊசி, நைலான் நூல், ஒட்டுப்போட ஒரு துண்டுத் தார்ப்பாய் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி நின்றால் பின்னால் எச்சரிக்கை முக்கோணத்தை வையுங்கள். நம்மவர்கள் கல்லையும் மரக்கிளையையும் சாலையில் அடுக்கிவிட்டு, வேலை முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். பின்னால் இருட்டில் வரும் இருசக்கர வண்டிக்காரர் அதில் விழுந்து சாகிறார். இதைப் போன்ற பாவம் வேறில்லை.

பதில்: லாரி மின்வேலை செய்பவர்

டயரைப் பற்றி மேலே சொல்லிவிட்டதால் மற்றதைச் சொல்கிறேன். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அவசரத்தில் ஏதோ ஒரு கடையில் கார் பல்பை வாங்கி மாட்டினால் அது போட்ட நொடியே போய்விடும். ஆகவே முன்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் ஆகியவற்றுக்கான 24 வோல்ட் பல்புகளில் வகைக்கு இரண்டைப் பஞ்சு சுற்றி டப்பாவில் வையுங்கள், எல்.இ.டி. விளக்காக இருந்தால் இது பொருந்தாது.

பியூஸை நிறம் பார்த்து வாங்க வேண்டும். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. சிவப்பு போன இடத்தில் பச்சையைச் செருகினாலும், செப்புக் கம்பியைச் சுற்றினாலும் விளக்கு எரியத்தான் செய்யும். ஆனால் அடுத்த கோளாறில் உருகப்போவது பியூஸ் அல்ல, கேபினுக்குள் ஓடும் ஒயர். எங்களிடம் எரிந்து வரும் வண்டிகளில் பாதி இந்தச் சாமர்த்தியத்தால் வந்தவைதான். அதே எண்ணுள்ள பியூஸ் இரண்டாவது முறையும் போனால் மாற்றுவதை நிறுத்திவிட்டு ஆளை அழையுங்கள்.

அடுத்தது காற்றுக்குழாய். பிரேக்குக்குச் செல்லும் நைலான் குழாய் ஏதாவது ஓரிடத்தில் உரசி ஓட்டையாவது வழக்கமான கோளாறு. உங்கள் வண்டியில் எந்தெந்த அளவுக் குழாய்கள் உள்ளன என்று பார்த்து, ஒவ்வோர் அளவிலும் ஒரு மீட்டர் குழாயும் இரண்டு ஜாயினர்களும் வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டையான இடத்தைக் கூரிய கத்தியால் நேராக வெட்டி இணைக்க வேண்டும். சாய்வாக வெட்டினால் காற்று கசிந்துகொண்டே இருக்கும். கசிவைக் கண்டுபிடிக்கச் சோப்பு நுரையே போதும்.

டீசல் பில்டர் ஒன்றும், அதன் ரப்பர் வளையமும், பில்டர் கழற்றும் பட்டையும் வேண்டும். பில்டரை மாற்றியபின் கைப்பம்பை அடித்து, டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் எஞ்சினை முடுக்க வேண்டும். டீசலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரைத் தினமும் காலையில் ஒருமுறை வடிப்பது நல்லது. புகையைச் சுத்தப்படுத்தத் தனித் தொட்டியில் ஊற்றும் ஆட்புளூ திரவம் 20 லிட்டர் வாளி ஒன்று கைவசம் இருக்கட்டும். 100 லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 4 முதல் 5 லிட்டர் செலவாகும். அது தீர்ந்தால் எஞ்சினின் இழுவை குறைந்துவிடும். அதில் 32.5 விழுக்காடு யூரியா இருக்கிறது என்பதைக் கேள்விப்பட்டு, உர யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றும் அறிவாளிகளும் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள், பிறகு மாற்ற வேண்டிய பாகத்தின் விலை உங்கள் பல மாதச் சம்பளத்தைத் தாண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி, அண்ணா. பிரேக்குக்கான காற்று முழுவதும் இறங்கிப் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் பிரேக் அறையில் உள்ள போல்ட்டைத் திருகி விடுவித்து ஓட்டிச் செல்லலாம் என்று ஒருவர் சொன்னார். அதற்கான ஸ்பேனரையும் எடுத்துக்கொள்ளட்டுமா?

பதில்: லாரி மின்வேலை செய்பவர்

ஸ்பேனரை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஓட்டிச் செல்வதற்காக அல்ல. காற்று போனால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் பிரேக்கைப் பிடிப்பது உங்களைக் காப்பாற்றுவதற்காகத்தான். போல்ட்டைத் திருகிப் பின்னிழுத்துவிட்டால் அந்தச் சக்கரத்தில் நிறுத்து பிரேக் இல்லை என்று பொருள். வளைவிலோ தண்டவாளத்தின் மேலோ நின்றுவிட்ட வண்டியை மீட்பு வண்டியைக் கொண்டு ஓரம் கட்டுவதற்கு மட்டுமே அது. அதுவும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தபின். சரிவில் செய்யவே கூடாது. அந்தப் பிரேக் அறைக்குள் இருக்கும் ஸ்பிரிங் உயிரைக் குடிக்கும் விசை கொண்டது, அதன் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

பதில்: இரண்டு லாரி வைத்திருப்பவர்

முதலாளி தரப்பிலிருந்து சில சொற்கள். வண்டியை ஓட வைக்கும் பொருள்களுக்கு ஓட்டுநர் கைக்காசு போடக் கூடாது. நான் என் வண்டிகளில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெட்டியில் இருப்பவற்றை எழுதி, ஓட்டுநர் மாறும்போது இருவரும் கையெழுத்திட வேண்டும். அது இல்லாத வண்டியில் முந்தையவர் தொலைத்த ஜாக்கிக்கு நீங்கள் பணம் கட்ட நேரும். வாரண்டி இன்னும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் சென்சார், எரிபொருள் பம்ப் பக்கம் கையே வைக்க வேண்டாம், நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்துவிடுங்கள். ஸ்டெப்னிக்கும் பேட்டரிக்கும் சங்கிலியும் பூட்டும் வேண்டும், தாபாவில் தூங்கி எழும்போது அவை இருந்த இடத்தில் இருப்பதற்கு.

பழுதாகி நின்றால் பலரும் மறப்பது இ-வே பில், அதாவது சரக்கைக் கொண்டுசெல்வதற்கான மின்னணுச் சீட்டு. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் அது செல்லும். காலாவதியாவதற்கு முன்போ பின்போ 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம் என்பதால், வண்டி நின்றவுடனேயே அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். ஆர்.சி., தகுதிச் சான்று, காப்பீடு, பெர்மிட், புகைச் சான்று, உரிமம் ஆகியவற்றை கைப்பேசியில் டிஜிலாக்கர் என்ற அரசுச் செயலியில் காட்டலாம். ஆனாலும் ஒரு நகல் கட்டு பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும், கைப்பேசி அணைந்துபோகும் இடங்களும் உண்டு.

பதில்: பத்தாண்டு ஆக்ரா லைன்

டிசம்பரில் குவாலியரைத் தாண்டினால் மூடுபனியில் முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கே தெரியாது. உங்கள் வண்டியின் பின்புறச் சிவப்பு ஒளிர்பட்டையையும் விளக்குகளையும் துடைக்க ஒரு துணி, வைப்பர் ரப்பர் ஒரு ஜோடி, தடித்த கம்பளி, காதுமூடும் குல்லாய் ஆகியவற்றை மறக்காதீர்கள். நம்மூர்க் குளிருக்கான போர்வை அங்கே போதாது. அரிசி, புளி, மிளகாய்த்தூள், சிறிய அடுப்பு எல்லாம் எடுத்துச் செல்லுங்கள், ஆனால் குளிருக்காகக் கதவை மூடிக்கொண்டு கேபினுக்குள் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். முதலுதவிப் பெட்டியைத் திறந்து மருந்துகளின் காலாவதித் தேதியைப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண்ணைக் கேபின் கண்ணாடிக்கு மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று முதலாளியிடம் பேசி நோட்டுப் போட்டாயிற்று. குழாய், ஜாயினர், பில்டர், பல்பு ஆகியவற்றை வாங்கித் தந்தார். இன்று காலை பின்சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பார்த்தோம். இரண்டு பேர் சேர்ந்து ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. இடப்பக்க நட்டுகள் சொன்னபடியே எதிர்ப்புறமாகச் சுழல்பவைதான். பெட்டியில் கிடந்த இரண்டு பெல்ட்டுகளில் ஒன்று எங்கள் வண்டிக்கு உரியது, மற்றொன்று யாருடையது என்று இன்னும் தெரியவில்லை.