98 மாடல் ஜீப்: புகை விடுகிறது, லோ நழுவுகிறது. வாங்கலாமா?

மிளகுக்கொடி (நவம்பர் 2025)

எல்லோருக்கும் வணக்கம். தாண்டிக்குடிக்கு மேலே எங்களுக்கு நாலரை ஏக்கர் காப்பித் தோட்டம். நிழல் மரங்களில் மிளகு, இடையில் கொஞ்சம் மலைவாழை. தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் மண் பாதை. ஐப்பசி, கார்த்திகையில் அது பாதை இல்லை, ஓடை.

அப்பா காலத்தில் குதிரையில் மூட்டை இறங்கியது. இப்போது வாடகை ஜீப்தான், நடைக்கு 1,200 ரூபாய். போன சீசனில் 38 நடை போயிருக்கிறது, நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். காசு கூடப் பரவாயில்லை. பழத்தைப் பறித்துச் சாக்கில் கட்டி வைத்துக்கொண்டு நாங்கள் நிற்போம், ஜீப்காரர் டூரிஸ்ட் பார்ட்டி கிடைத்தது என்று போய்விடுவார். காப்பிப் பழத்தை அன்றைக்கே தோல் உரிக்க வேண்டும், ஒரு ராத்திரி சாக்கில் கிடந்தால் புளித்த வாடை ஏறிவிடும்.

பட்டிவீரன்பட்டிப் பக்கம் ஒரு ஜீப் விலைக்கு வந்திருக்கிறது. 1998 எம்.எம். 540, பியூஜோ டீசல் எஞ்சின், ஃபோர் வீல் டிரைவ். 2,40,000 கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. ஓடும்போது நீலப் புகை, மேட்டில் ஏறினால் கறுப்பு. ஸ்டீயரிங் கால் சுற்றுக்குச் சும்மா சுற்றுகிறது. லோவில் (சக்கரம் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றுகிற கியர்) போட்டு இறங்கினால் கொஞ்ச தூரத்தில் டப்பென்று லீவர் நழுவி வெளியே வந்துவிடுகிறது. கேட்டதற்கு, "கையால பிடிச்சுக்கிட்டா நிக்கும் தம்பி, நான் பல வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன்" என்றார். ஃபோர் வீல் லீவர் விழுந்தது, ஆனால் முன் சக்கரம் இழுத்ததா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆர்.சி. 2023 ஆகஸ்டோடு முடிந்திருக்கிறது. "எஃப்.சி. காட்டி எடுத்துக்கலாம், ஒரு நாள் வேலை" என்கிறார்.

எங்கள் ஊர் மெக்கானிக் எஞ்சின் வேலைக்கு 70,000 ஆகும் என்றார். கையில் மூன்று லட்சம் இருக்கிறது, மிளகு விற்ற பணம். அதில் பழத்தின் தோல் உரிக்கிற புதுப் பல்ப்பர் வாங்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். சின்ன வயதில் மாமா ஜீப்பின் பின்கதவில் தொங்கிக்கொண்டே மலை ஏறியவன் நான், அந்த ஆசையும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்பதை மறைக்கவில்லை. புகைதான் பயமாக இருக்கிறது. வாங்கலாமா?

---

கணக்குப்பிள்ளை

38 நடைக்கு 45,600 ரூபாய். வண்டியும் எஞ்சின் வேலையும் சேர்த்து 3,10,000. டீசல், டயர், இன்சூரன்ஸ் எதையும் சேர்க்காமலே போட்ட காசு திரும்ப ஏழு வருஷம் ஆகும், அதற்குள் வண்டிக்கு 34 வயது. வாடகை ஜீப்காரருக்குச் சீசன் முழுவதற்கும் சேர்த்து முன்பணம் கொடுத்துப் பேசிப் பாருங்கள். பல்ப்பர்தான் என் ஓட்டு.

---

பழைய ஸ்பேனர்

தம்பி, 31 வருஷம் ஜீப்புக்குக் கீழே படுத்து எழுந்தவன் சொல்கிறேன். நீங்கள் பயப்படுகிற வரிசை தலைகீழாக இருக்கிறது.

புகை என்பது பணம், அவ்வளவுதான். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, ரிங், லைனர், வால்வு கைடு என்று எங்கேயோ தேய்மானம். கறுப்பு என்றால் டீசல் அதிகம் போகிறது அல்லது காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர், நாஸில், பம்ப் மூன்றையும் பார்த்தால் பாதி சரியாகிவிடும். ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, ஐட்லிங்கில் ஓடவிட்டு, மூடியைக் கவிழ்த்து அந்த வாய் மேலேயே சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால், உலை கொதிக்கிற மாதிரி ஆவி வந்தால், 70,000 போதாது.

ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது என்றீர்களே, போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்த்தீர்களா? விற்கிறவர் நீங்கள் வருவதற்கு அரை மணி முன்னால் ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருப்பார். அந்த எஞ்சினுக்கு ஹீட்டர் பிளக் உண்டு. பிளக் போயிருந்தாலும் கம்ப்ரஷன் குறைந்திருந்தாலும் காலைக் குளிரில்தான் காட்டிக் கொடுக்கும். சொல்லாமல் விடியற்காலையில் போய் நில்லுங்கள்.

லோ நழுவுகிறது என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அதுதான் உயிர். மூட்டை ஏற்றிக்கொண்டு மண் பாதையில் இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் இல்லை, லோவும் முதல் கியரும்தான். நழுவினால் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது லோ லீவருக்குக் கீழே இருக்கிற இரண்டாவது கியர் பெட்டி, நியூட்ரலுக்கு வந்துவிடும். கீழே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் சக்கரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

2011-ல் பன்றிமலைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து 11 மூட்டையோடு நான் இறங்கினேன். அதே நோய் உள்ள வண்டிதான், ஓனர் இதே வசனத்தைத்தான் சொல்லியிருந்தார். லீவரை இடது கையால் பிடித்திருந்தேன். வளைவில் ஸ்டீயரிங்குக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது, ஒரு விநாடி விட்டேன். டப். முதலில் சத்தம் குறைந்தது, அதுதான் இன்னும் நினைவில் இருக்கிறது. எஞ்சின் இரைச்சல் அடங்கி, டயர் கல்லில் உருள்கிற சத்தம் மட்டும். பிரேக்கை மிதித்தால் பெடல் பாதி போய் நின்றது, டிரம் ஏற்கனவே சூடேறிக் கிடந்தது. பள்ளத்துப் பக்கம் போகாமல் மேட்டுப் பக்கமாகத் திருப்பி மண் சுவரில் மோதவிட்டேன். முன் விங் மடங்கியது, எனக்கு மூன்று தையல். பின்னால் உட்கார்ந்திருந்த பையன் மூட்டைக்கு நடுவில் இருந்ததால் தப்பினான்.

லோவை நழுவாமல் பிடித்து வைக்கிற ஸ்பிரிங்கும் குண்டும் மட்டும் தேய்ந்திருந்தால் சில நூறு ரூபாய் வேலை. கியர் பல்லின் ஓரம் மழுங்கியிருந்தாலோ, ஃபோர்க் தேய்ந்திருந்தாலோ, ஷாஃப்ட்டில் ஆட்டம் இருந்தாலோ இறக்கித்தான் பார்க்க வேண்டும். இறக்காமல் "சரி பண்ணித் தர்றேன்" என்பவரை நம்பாதீர்கள்.

ஸ்டீயரிங் ஆட்டத்துக்கு ஒரு ஆள் போதாது. ஒருவர் உட்கார்ந்து இடமும் வலமும் அசைக்கட்டும், நீங்கள் முன்னால் குனிந்து ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் அடித்திருக்கிற இடத்தைப் பாருங்கள். பாக்ஸே அசைந்தால், மலையில் ஓடிய வண்டிக்கு அந்த இடத்தில் சேசிஸ் விரிசல் விட்டிருக்கலாம். மேலே புதுசாகக் கறுப்புப் பெயின்ட் இருந்தால் கம்பி பிரஷ் எடுத்துத் தேய்க்கக் கூச்சப்படாதீர்கள்.

கடைசியாக, கீழே படுத்து முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் (முன் சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகிற தண்டு) இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள்.

---

ஆர்.டி.ஓ. வாசல்

"ஒரு நாள் வேலை" என்பதற்கு மட்டும் பதில். 15 வருஷம் 2013-ல் முடிந்து, ஐந்தைந்து வருஷமாக இரண்டு முறை புதுப்பித்திருக்கிறார், சரி. 20 வருஷம் தாண்டிய கார், ஜீப் வகைக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். தாமதத்துக்கு மாதம் 500 தனி. 2023 ஆகஸ்டிலிருந்து இன்றைக்கு 27 மாதம், அது 13,500. ஆக 23,500. பசுமை வரி, இன்சூரன்ஸ், எஃப்.சி.க்காகப் பார்க்க வேண்டிய லைட், பிரேக், பெயின்ட் எல்லாம் இதற்கு மேலே.

பணத்தை விட முக்கியம் ஒன்று. ஆர்.சி. உயிரோடு இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியை ஓட்டிவந்துவிட்டால், எஃப்.சி.யில் என்ன சிக்கல் வந்தாலும் அது உங்கள் தலையில். சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிடுங்கள். பழைய ஜீப்பில் எஞ்சின் மாறியிருப்பது சாதாரணம், மாறியதை ஆர்.சி.யில் ஏற்றியிருப்பது அபூர்வம். எம்பரிவாகன் என்கிற அரசு ஆப்பில் நம்பரைப் போட்டால் ஹைப்பொதிகேஷன் (வண்டி மேல் வாங்கிய கடன்) பாக்கி இருக்கிறதா என்பதும் தெரியும். அவர் பெயரிலேயே புதுப்பித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு விலை பேசலாம்.

---

மண்வாசி

மாருதி ஜிப்சி பார்க்கலாமே? 1.3 லிட்டர் பெட்ரோல், எடை குறைவு, சேற்றில் மாட்டாது. டெல்லியில் 15 வருஷம் ஆன பெட்ரோல் வண்டி ஓடக் கூடாது என்று வந்ததிலிருந்து அங்கிருந்து என்.ஓ.சி.யோடு (தடையில்லாச் சான்று) மலிவாக வருகிறது.

---

மிளகுக்கொடி

ஜிப்சியும் யோசித்தேன் நண்பரே. பெட்ரோல் போட்டு மூட்டை சுமக்க எனக்குக் கட்டாது. இங்கே வந்ததும் தமிழ்நாட்டு வரி வேறு கட்ட வேண்டும்.

ஸ்பேனர் அண்ணன் சொன்னபடி வியாழக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குப் போய் நின்றேன். ஓனர் பல் விளக்கிக்கொண்டிருந்தார், முகம் மாறியது. பானெட் ஜில்லென்று இருந்தது. நாலாவது தடவை இழுத்த பிறகுதான் பிடித்தது, தொழுவம் முழுக்க வெள்ளைப் புகை, கட்டியிருந்த மாடு எழுந்து நின்றுவிட்டது. ஆயில் மூடியைக் கவிழ்த்து வைத்தேன். ஆடியது, விழவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

அப்புறம் கீழே படுத்தேன். முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் இல்லை! "மைலேஜுக்காகக் கழட்டி வச்சேன், ஷெட்ல இருக்கு" என்றார். போய்ப் பார்த்தால் யுனிவர்சல் ஜாயின்ட் கிராஸ் ஒன்று துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கூட வந்த மெக்கானிக் முன் ஆக்சில் ஆயில் பிளக்கைத் திருகினார். வந்தது பால் விட்ட டீ மாதிரி. தண்ணீர் உள்ளே போய் எவ்வளவு நாள் ஆயிற்றோ என்றார்.

சேசிஸ்தான் மனசைக் கெடுத்தது. என் பையன் ஸ்டீயரிங்கை அசைக்க, நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். பாக்ஸோடு சேர்ந்து சட்டமே நூல் அளவு வாய் திறந்து மூடியது. பெயின்ட்டைத் தேய்த்தால் பழைய வெல்டிங், அதற்குப் பக்கத்திலேயே புது விரிசல். நம்பர் இரண்டும் ஆர்.சி.யோடு பொருந்தின, அது ஒன்றுதான் நல்ல செய்தி.

அவரிடம் இதைத்தான் சொன்னேன்: ஆர்.சி.யை உங்கள் பெயரில் புதுப்பியுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸை என் மெக்கானிக் இறக்கிப் பார்க்கட்டும், அந்தக் கூலி என்னுடையது. பல் நன்றாக இருந்தால் 1,30,000 தருகிறேன். அதுவரை அட்வான்ஸ் கிடையாது. அவர் 2,10,000-க்குக் கீழே இறங்கவில்லை. கேரளாவிலிருந்து ஒரு பார்ட்டி சனிக்கிழமை வருகிறதாம்.

---

பழைய ஸ்பேனர்

விலைக்கு நிற்கிற ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு கேரளப் பார்ட்டி உண்டு தம்பி. 1994-லிருந்து நானும் பார்க்கிறேன், அந்தச் சனிக்கிழமை வந்ததே இல்லை. சட்டத்தில் விரிசலுக்குப் பட்டை வைத்து வெல்டிங் அடிக்கலாம், ஆனால் பாக்ஸைக் கழற்றி, விரிசல் நுனியில் ஓட்டை போட்டு நிறுத்திவிட்டுத்தான் அடிக்க வேண்டும். மேலாக ஒட்டினால் பக்கத்தில் விடும், நீங்கள் பார்த்தது அதுதான். 1,30,000 கூட என் கணக்கில் கூடுதல்.

---

மிளகுக்கொடி

சனி, ஞாயிறு இரண்டும் போய்விட்டது. திங்கள் காலை போன் வந்தது, "1,80,000-ன்னா யோசிப்பீங்களா தம்பி?" ஆர்.சி. புதுப்பித்த பிறகு கூப்பிடுங்கள் என்றேன். இந்தச் சீசனுக்கு வாடகை ஜீப்காரரிடம் 30 நடைக்கு 10,000 முன்பணம் கொடுத்துவிட்டேன், பழம் பறிக்கிற நாளில் டூரிஸ்ட் ஏற்றக் கூடாது என்ற பேச்சோடு. பல்ப்பருக்கும் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.