ஓடைக்கரை இடிந்து விழுகிறது: கன்சர்வேஷன் டிஸ்ட்ரிக்டைக் கூப்பிடலாமா? அவசரம்

செம்மண்வீடு:
எல்லோருக்கும் வணக்கம். புதிதாக வாங்கிய இடத்தின் பின்பக்கம் ஒரு ஓடை போகிறது. போன வாரம் பெய்த மழையில் கரை பெரிதாக இடிந்துவிட்டது. இரண்டு வேலிக்கால் அடியில் மண்ணே இல்லாமல் கம்பியில் தொங்குகிறது. ஒரு காண்ட்ராக்டர் வந்து பார்த்தார். லாரி லாரியாகக் கல் கொட்டினால் சரியாகிவிடும், 18,000 டாலர் ஆகும், வெள்ளிக்கிழமை மெஷினோடு வருகிறேன் என்கிறார். பக்கத்து நிலத்துக்காரர் "முதலில் கன்சர்வேஷன் டிஸ்ட்ரிக்டுக்குப் போன் பண்ணு, இலவசமாக வந்து பார்ப்பார்கள்" என்கிறார். மண்ணையும் நீரையும் பாதுகாக்க உதவும் உள்ளூர் அரசு அமைப்பாம் அது. அரசாங்க ஆபீஸ்தானே, வந்து பார்த்துவிட்டு ஃபைன் போட்டுவிட்டால் என்ன செய்வது? என் மனைவி கூப்பிடவே வேண்டாம் என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கொங்குத்தென்றல்:
எந்த மாநிலம்? எத்தனை ஏக்கர்? ஓடையில் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடுமா, மழைக்கு மட்டும்தானா? வீடு மட்டுமா, விவசாயமும் நடக்கிறதா?

மாநிலத்தைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் இருக்கும் நியூ ஜெர்சியில் கட்டுமான வேலைக்காக 5,000 சதுர அடிக்கு மேல் மண்ணைக் கிளறினால் டிஸ்ட்ரிக்டிடம்தான் திட்டத்தைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். பென்சில்வேனியாவிலும் மண் அரிப்பு விதிகளைக் கவனிக்கும் பொறுப்பில் ஒரு பகுதியை மாநில அரசு அவர்களிடம் கொடுத்திருக்கிறது. பல மாநிலங்களில் அப்படி இல்லை. அங்கே உதவி கேட்டு வருபவருக்கு உதவுவதுதான் அவர்கள் வேலை.

வேர்பிடித்தவன்:
நண்பரே, கல்லெல்லாம் வேண்டாம். வெட்டிவேர் நடுங்கள். ஊரில் எங்கள் வாய்க்கால் கரை முழுக்க வெட்டிவேர்தான். வேர் பத்தடிக்குக் கீழே நேராக இறங்கும். எந்த வெள்ளமும் அசைக்காது. 18,000 டாலரில் நூறில் ஒரு பங்கு கூட ஆகாது.

ஓக்மரத்தடி:
மேட்டுப்பக்கம் ரோடு இருக்கிறதா? ரோட்டுக்கு அடியில் குழாய் போட்டிருக்கிறார்களா? பத்தில் எட்டு கேஸில் காரணம் அதுதான். நான்கு புறமும் பரவிப் போக வேண்டிய தண்ணீரை ஒரே குழாயில் சேர்த்து உங்கள் நிலத்துக்குள் விட்டால் கரை இடியாமல் என்ன செய்யும்? கவுண்டியையோ (மாவட்ட நிர்வாகம்) ரோடு டிபார்ட்மென்டையோ பிடியுங்கள்.

பீட்மாண்ட்_உழவன்:
இந்தக் குழுவில் இதே கேள்விக்கு நான் எத்தனையோ முறை நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். தேடல் பெட்டியில் "கரை அரிப்பு" என்று போட்டாலே வந்திருக்கும். நிலம் வாங்குகிறவர்கள் வாங்கும் முன் மண் வரைபடத்தைக்கூடப் பார்ப்பதில்லை. மத்திய அரசின் இணைய மண் வரைபடமான வெப் சாயில் சர்வே இலவசம். முகவரியைப் போட்டால் உங்கள் நிலத்தில் எந்த மண், எவ்வளவு சரிவு, அரிப்புக்கு எவ்வளவு இடம் கொடுக்கும் என்று எல்லாம் வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள், பேசலாம்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்கிறேன்: வெள்ளிக்கிழமை மெஷினை உள்ளே விடாதீர்கள்.

செம்மண்வீடு:
வட கரோலினா, ராலேக்குத் தென்கிழக்கே, ஜான்ஸ்டன் கவுண்டி. 11 ஏக்கர். பழைய வீடு ஒன்று இருக்கிறது. பாதிக்கு மேல் ஹே புல் (அறுத்துக் காயவைக்கும் தீவனப் புல்). பக்கத்து நிலத்துக்காரர்தான் பழைய ஓனர் காலத்திலிருந்து குத்தகைக்கு எடுத்து அறுக்கிறார். ஓடையில் கோடையிலும் கொஞ்சம் தண்ணீர் இருக்கும் என்கிறார்கள். ஆமாம், மேலே ரோடும் குழாயும் இருக்கிறது. உழவன் சார், மெஷினை ஏன் விடக்கூடாது?

குறிஞ்சிமலர்:
அண்ணா, பயப்படாமல் கூப்பிடுங்கள். நாங்களும் வட கரோலினாதான், வேறு கவுண்டி. இங்கே சாயில் அண்ட் வாட்டர் கன்சர்வேஷன் டிஸ்ட்ரிக்ட் ஃபைன் போடுகிற ஆபீஸ் இல்லை. நாம் கூப்பிட்டால்தான் வருவார்கள். எங்கள் இடத்துக்கு வந்த டெக்னீஷியன் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நேராக ஓடைக்குள் இறங்கிவிட்டார். கரையின் அடிவாரத்தில் கையை விட்டுப் பார்த்தார். மேலே கெட்டிக் களிமண், கீழே மணல் கலந்த அடுக்கு. தண்ணீர் மணலைக் குடைந்து எடுத்துவிடுகிறது, மேலே உள்ள களிமண் கூரை மாதிரி நிற்கிறது, அடுத்த மழையில் பாளம் பாளமாக விழுகிறது. அதைத் தொட்டுக் காட்டிச் சொன்ன பிறகுதான் மேலிருந்து கல்லைக் கொட்டினால் ஏன் பயனில்லை என்று எனக்குப் புரிந்தது. கல்லுக்குப் பின்னால் குடைவது நிற்காது. கல்லே சரிந்து ஓடைக்குள் போய்விடும், அப்புறம் தண்ணீர் எதிர்க்கரையைத் தின்ன ஆரம்பிக்கும்.

நிலத்தைப் பற்றி வெளியே சொல்லிவிடுவார்களோ என்று உங்கள் வீட்டில் பயந்தால் இதைச் சொல்லுங்கள். 2008 ஃபார்ம் பில் என்ற மத்திய விவசாயச் சட்டத்தின் 1619ஆம் பிரிவின்படி, மத்திய வேளாண் துறையின் திட்டங்களுக்காக நாம் கொடுக்கும் நில விவரங்களை அவர்கள் வெளியிடக் கூடாது. அவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் டிஸ்ட்ரிக்டுக்கும் அந்தக் கட்டுப்பாடு உண்டு.

பீட்மாண்ட்_உழவன்:
கேட்டதற்குச் சொல்கிறேன். நிறுத்திப் படியுங்கள்.

ஓடைக்குள் கல் கொட்டுவது மத்திய தூய நீர்ச் சட்டத்தின் 404ஆம் பிரிவில் வரும் விஷயம். கரையைக் காப்பதற்கென்றே ராணுவப் பொறியாளர் படையிடம் 13ஆம் எண் பொது அனுமதி ஒன்று இருக்கிறது. பொதுவாக 500 அடி நீளத்துக்குள், அடிக்கு சராசரியாக ஒரு கன கஜத்துக்கு மேல் போகாமல் கொட்ட வேண்டும். உங்கள் காண்ட்ராக்டர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாரா?

ஜான்ஸ்டன் கவுண்டியின் பெரும்பகுதி நியூஸ் ஆற்றுப் படுகை. அங்கே 1997 முதல் ஓடைக்கரை விதி இருக்கிறது. வரைபடத்தில் உள்ள ஓடை என்றால் கரையிலிருந்து 50 அடி வரை அந்த விதி பொருந்தும். அதில் முதல் 30 அடியில் மரம் செடியைத் தொடக்கூடாது, அடுத்த 20 அடியில் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்வு. ஏற்கெனவே நடந்துவரும் ஹே அறுப்பு அப்படியே தொடரலாம். புதிதாக எக்ஸ்கவேட்டரை இறக்கி மரத்தைச் சாய்த்தால் கதை வேறு. ஃபைனுக்குப் பயந்து டிஸ்ட்ரிக்டைக் கூப்பிடாமல் இருக்கிறீர்கள். ஃபைன் வரக்கூடிய வேலையைச் செய்யப் போவது வெள்ளிக்கிழமை வருகிற ஆள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். உதவித் தொகை வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கக்கூடாது. தொடங்கிவிட்டால் அந்த வேலைக்கு ஒரு பைசா கிடைக்காது. மாநிலத்தின் விவசாயச் செலவுப் பங்கீட்டுத் திட்டம் 1984இல் தொடங்கியது, 75 சதவீதம் வரை கொடுப்பார்கள். மத்திய அரசின் ஈக்விப் திட்டத்தில் பத்து வருடத்துக்குள் விவசாயத்துக்கு வந்தவர்களுக்கு 90 சதவீதம் வரை போகும், பாதியை முன்பணமாகவும் கேட்கலாம்.

கொங்குத்தென்றல்:
உழவன் சொல்வது சரி. கூடவே ஒன்று: ஈக்விப்புக்கு ஃபார்ம் நம்பர், அதாவது நிலத்தின் அரசுப் பதிவு எண், வேண்டும். குத்தகைக்காரர் வருடக்கணக்காக அறுக்கிறார் என்றால் அந்த நிலத்துக்கு ஏற்கெனவே நம்பர் இருக்க வாய்ப்பு அதிகம். ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சியில் (எஃப்எஸ்ஏ) உங்கள் பத்திரத்தைக் காட்டி ஓனர் பெயரை மாற்றுங்கள். பெரும்பாலும் டிஸ்ட்ரிக்ட், ஈக்விப்பை நடத்தும் என்ஆர்சிஎஸ், எஃப்எஸ்ஏ மூன்றும் ஒரே கட்டிடத்தில் இருக்கும், ஒரு காலையில் முடித்துவிடலாம்.

கிரீன் கார்டா, சிட்டிசனா, எச்1பியா? கடைசி என்றால் நிலம் வாங்கிய 90 நாளுக்குள் எஃப்எஸ்ஏவில் வெளிநாட்டவர் நில உடைமை அறிக்கை கொடுக்க வேண்டும். 1978ஆம் வருடச் சட்டம். பத்து ஏக்கருக்குள், வருமானமும் ஆயிரம் டாலருக்குள் என்றால் விலக்கு. உங்களுடையது 11 ஏக்கர்.

ஓக்மரத்தடி:
சொத்து வரியையும் பாருங்கள். பழைய ஓனர் பிரசன்ட் யூஸ் மதிப்பில் (விவசாய நிலம் என்று குறைத்துப் போடும் வரி மதிப்பு) இருந்திருந்தால், கைமாறிய 60 நாளுக்குள் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். விட்டால் தள்ளிவைத்த மூன்று வருட வரி வட்டியோடு வரும். விவசாயப் பிரிவுக்குப் பத்து ஏக்கர் உற்பத்தியில் இருக்க வேண்டும். வீட்டையும் ஓடைக்கரையையும் கழித்தால் உங்களிடம் அவ்வளவு இருக்குமா என்று தெரியவில்லை.

ஆனால் டிஸ்ட்ரிக்ட்காரர்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். எங்கள் பக்கத்துச் சரிவு முழுக்க குட்ஸு கொடி. பைன் மரங்களை மூடிக் கொன்றுவிட்டது. அதை நடச் சொன்னது யார்? மண் அரிப்பைத் தடுக்கும் என்று 1930களில் இதே ஆட்கள்தான் கன்று கொடுத்தார்கள், ஏக்கருக்கு எட்டு டாலர் வரை காசும் கொடுத்தார்கள். ஊரில் சீமைக்கருவேலத்தை விதைத்த கதைதான் இங்கேயும்.

குறிஞ்சிமலர்:
நடந்தது உண்மை. ஆனால் அது வாஷிங்டனிலிருந்து வந்த திட்டம், மண் பாதுகாப்பு சேவையின் வேலை. டிஸ்ட்ரிக்ட் என்ற ஏற்பாடு 1937இல்தான் வந்தது. அதிபர் ரூஸ்வெல்ட் அந்த வருடம் ஒவ்வொரு ஆளுநருக்கும் மாதிரிச் சட்டம் அனுப்பினார். உள்ளூர் விவசாயிகளே தீர்மானிக்கட்டும், மத்திய அரசு தொழில்நுட்பத்துக்கு மட்டும் துணை நிற்கட்டும் என்பதுதான் நோக்கம். நாட்டிலேயே முதல் டிஸ்ட்ரிக்ட் நம் மாநிலத்தில்தான்: ஆன்சன் கவுண்டியில் பிரவுன் கிரீக், 1937 ஆகஸ்ட். மண் பாதுகாப்புக்காக நாடு முழுக்கக் குரல் கொடுத்த ஹியூ ஹேமண்ட் பென்னட் பிறந்த கவுண்டி அது. இப்போது நாட்டில் கிட்டத்தட்ட மூவாயிரம் டிஸ்ட்ரிக்ட் இருக்கின்றன.

ஓக்மரத்தடி:
பெயர் எதுவாக இருந்தாலும் கொடி கொடிதான். மத்திய அரசு 1953இல் பரிந்துரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, சரி. பைன் திரும்பி வந்துவிட்டதா?

வேர்பிடித்தவன்:
அதனால்தான் சொல்கிறேன், வெட்டிவேர் பரவாது, விதை விழுந்து முளைக்காது. குட்ஸு மாதிரி இல்லை.

பீட்மாண்ட்_உழவன்:
வேர்பிடித்தவனே, ராலே குளிரைப் பார்த்திருக்கிறீர்களா? நிலம் உறையும் இரவுகளில் வெட்டிவேரின் தலை செத்துப்போகும். ஊரில் நன்றாக வந்தது என்பதற்காக எல்லா இடத்திலும் நடச் சொல்லாதீர்கள். இங்கே கரைக்கு இந்த மண்ணின் செடிகளே போதும்: கறுப்பு வில்லோ, சில்க்கி டாக்வுட், எல்டர்பெரி. இலை உதிர்ந்த பிறகு விரல் பருமனுக்குக் குச்சி வெட்டி, இரண்டு மூன்று அடி நீளத்தில், மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகுமாறு அடித்துவிட்டால் வசந்தத்தில் துளிர்க்கும். நவம்பர் முதல் மார்ச் வரை அதற்குக் காலம்.

ஓக்மரத்தடிக்கும் ஒரு வார்த்தை. வட கரோலினாவில் டிஸ்ட்ரிக்ட் போர்டில் பொதுவாக ஐந்து பேர். மூவரை நாம் ஓட்டுப்போட்டு அனுப்புகிறோம், இருவரை நியமிக்கிறார்கள். வாக்குச் சீட்டின் கீழ்ப்பகுதியில் கட்சிப் பெயர் இல்லாமல் வரும், நம் ஆட்கள் பாதிப் பேர் அதைக் காலியாக விட்டுவிட்டு வருகிறார்கள். குறை சொல்வதற்கு முன் அதை நிரப்புங்கள். கூட்டம் எல்லோருக்கும் திறந்ததுதான், போய்க் குட்ஸுவைப் பற்றிக் கேளுங்கள்.

ஓக்மரத்தடி:
ஓட்டுப் போடுகிறவன்தான் நான். உதவி வாங்குவது தவறென்று நான் சொல்லவில்லை. அவர்கள் கொடுக்கும் செடிப் பட்டியலைக் கேள்வி கேட்காமல் ஏற்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஆட்டம் ஆலிவ் என்ற புதரையும் இதே மாதிரிதான் ஒருகாலத்தில் நடச் சொன்னார்கள். இன்று காட்டுக்குள் போனால் தெரியும்.

குறிஞ்சிமலர்:
செம்மண்வீடு அண்ணா எங்கே? மெஷின் வந்துவிட்டதா?

கொங்குத்தென்றல்:
வெள்ளிக்கிழமை போய்விட்டது. ஒரு வரி எழுதுங்கள் சார். காண்ட்ராக்டரிடம் முன்பணம் ஏதும் கொடுத்தீர்களா?

செம்மண்வீடு:
தாமதத்துக்கு மன்னிக்கவும், வேலை அதிகம். காண்ட்ராக்டரை நிறுத்திவிட்டேன், முன்பணம் கொடுக்கவில்லை. டிஸ்ட்ரிக்டிலிருந்து ஒரு அம்மா வந்து பார்த்தார். என் மனைவியும் கூடவே நடந்து எல்லாவற்றையும் கேட்டார். ஓடை வளையும் இடத்தில் மட்டும் அடிவாரத்தில் கல், கல்லுக்கு அடியில் துணி விரிப்பு. மற்ற இடத்தில் செங்குத்தாக நிற்கும் கரையைச் சாய்வாக வெட்டி, குளிர்காலத்தில் வில்லோ குச்சி. ஹே அறுப்பதைக் கரையிலிருந்து 35 அடிக்கு முன்பே நிறுத்தச் சொன்னார், குத்தகைக்காரர் ஒத்துக்கொண்டார். ரோட்டுக் குழாய்த் தண்ணீருக்குப் புல்வாய்க்கால் வரைந்து தருகிறாராம். ஃபைன் பேச்சே இல்லை. விண்ணப்பம் கொடுத்தாயிற்று. கிரீன் கார்டுதான். சொத்து வரிக்குப் போன பிறகு எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

வேர்பிடித்தவன்:
நல்ல செய்தி. வெயில் படும் மூலையில் சோதனைக்காவது நாலு வெட்டிவேர் வைத்துப் பாருங்கள்.

பீட்மாண்ட்_உழவன்:
விண்ணப்பத்தை வரிசைப்படுத்தித்தான் எடுப்பார்கள், கையெழுத்தாக ஒரு சீசன் போகலாம். அதுவரை தொங்கும் வேலியைக் கழற்றி உள்ளே தள்ளிப் போடுங்கள், கரை விளிம்பில் டிராக்டர் போக வேண்டாம். தோண்டும் வேலை எதுவானாலும் முன்கூட்டியே 811க்குச் சொல்லிவிடுங்கள், பூமிக்கடியில் போகும் குழாய், கம்பிகளை அடையாளம் காட்டுவார்கள். மண் மாதிரியை நவம்பர் முடிவதற்குள் மாநில ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், இலவசம். டிசம்பர் பிறந்தால் மாதிரிக்கு நான்கு டாலர்.

தென்பெண்ணை:
நானும் வட கரோலினாதான், ஆனால் முக்கால் ஏக்கர் வீட்டுமனை, ஹே கிடையாது. கூரைத் தண்ணீர் பின்பக்கத்தை அரிக்கிறது. எங்களுக்கும் டிஸ்ட்ரிக்ட் வருமா?

குறிஞ்சிமலர்:
வரும். விவசாயம் இல்லாத இடங்களுக்கென்றே கம்யூனிட்டி கன்சர்வேஷன் உதவித் திட்டம், சிகேப், இருக்கிறது. அதிலும் 75 சதவீதம் வரை. வீடு கட்டி எத்தனை வருடம் ஆகிறது? புது வீடென்றால் அதில் வராது. கவுண்டி பெயரையும் சரிவு எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள், ஒரு படமும் போடுங்கள்.