6 அங்குல மினி ஹர்டில்: இடைவெளி எவ்வளவு வைக்கணும்? (8, 9ஆம் வகுப்பு, செம்மண் மைதானம்)

பிடி_வாத்தியார்

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி. 8, 9ஆம் வகுப்புப் பிள்ளைகள் 28 பேர், ஆண், பெண் இருபாலரும். பாதிப் பேர் கபடி, மீதிப் பேர் 100, 200 மீட்டர். செம்மண் மைதானம். கையில் இருப்பது 6 அங்குல உயர மினி ஹர்டில் (தாண்டிப் போகும் சிறு தடை) பத்து, 12 அங்குல உயரத்தில் ஆறு.

இப்போது நடக்கிற பயிற்சி: பத்தையும் 2 அடிக்கு ஒன்றாக வரிசையில் வைத்து, ஒரு இடைவெளியில் ஒரு கால் என்று வேகமாகக் கடப்பது. அடுத்து இரண்டு காலையும் சேர்த்துத் தாண்டுவது. கடைசியாகப் பக்கவாட்டில். வாரம் 3 நாள், ஆளுக்கு 10 சுற்று. இரண்டு மாதம் ஆகியும் 30 மீட்டர் நேரம் அப்படியே நிற்கிறது. பிள்ளைகள் குனிந்து ஹர்டிலையே பார்க்கிறார்கள், ஐந்தாவது ஆறாவதில் தட்டிவிடுகிறார்கள்.

இடைவெளி தப்பா, உயரம் தப்பா? கபடிப் பிள்ளைகளுக்கும் ஓட்டப் பிள்ளைகளுக்கும் ஒரே வரிசை போதுமா?

---

ஓடுதளம்

சார், உயரம் சரி. இடைவெளிதான் சிக்கல். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க.

2 அடி என்றால் 60 செ.மீ. பிள்ளை விநாடிக்கு 4 எட்டு (காலடி) எடுத்து வைத்தாலும் வேகம் விநாடிக்கு 2.4 மீட்டர். அது மெதுவோட்டம். 100 மீட்டரை 14.5 விநாடியில் ஓடுகிற பிள்ளையின் சராசரி வேகமே விநாடிக்கு 6.9 மீட்டர். அந்த வேகத்துக்கு ஒரு எட்டு 1.65 மீட்டர் அளவில் விழவேண்டும். ஆக, 60 செ.மீ. வரிசையில் பிள்ளை பழகுவது கால்களைக் குறுக்கிக் குறுக்கி வைக்கிற பழக்கத்தை. பார்க்க விறுவிறுப்பாக இருக்கும், 30 மீட்டர் நேரத்தில் தெரியாது.

ஓட்டப் பிள்ளைகளுக்கு அவரவர் எட்டின் நீளத்துக்கு வைக்கணும். செம்மண் மைதானம் இதற்கு நல்ல வசதி. புறப்படும் கோட்டிலிருந்து 25 முதல் 33 மீட்டர் வரையுள்ள துண்டை லேசாகத் தண்ணீர் தெளித்து, வாரியால் சமன் செய்து வையுங்க. பிள்ளை முழு வேகத்தில் அதன் மேல் ஓடட்டும். விழுந்த தடத்தில் ஒரு பாதத்தின் பெருவிரல் நுனியிலிருந்து அடுத்த பாதத்தின் பெருவிரல் நுனி வரை டேப் வைத்து அளங்க. மூன்று எட்டின் சராசரி போதும். இந்த வயதில் பெரும்பாலும் 1.50க்கும் 1.80க்கும் நடுவில் வரும். அத்தனை பேருக்கும் தனித்தனியாக வைக்க முடியாது; 1.50, 1.65, 1.80 என்று மூன்று குழுவாகப் பிரிச்சா போதும்.

1.65 குழுவுக்கு வைக்கிற விதம்: முதலில் 15 மீட்டர் வேகம் எடுக்கிற ஓட்டம், பிறகு பத்து ஹர்டில். நடுவில் 9 இடைவெளி. முதல் நான்கும் 1.45, 1.50, 1.55, 1.60. மீதி ஐந்தும் 1.65. முதல் ஹர்டிலிலிருந்து கடைசி வரை 14.35 மீட்டர் வரும். அமெரிக்காவில் இதை விக்கெட் பயிற்சி என்கிறார்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த வின்ஸ் ஆண்டர்சன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஒவ்வொரு இடமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைங்க, தட்டி விழுந்தால் அளக்காமல் திரும்ப நிறுத்திடலாம்.

என்ன தப்பு வரும் என்றால்:

இடைவெளி கூடிப்போனால் பிள்ளை காலை முன்னால் எறிந்து குதிகாலில் இறங்கும். ஒவ்வொரு எட்டிலும் பிரேக் போட்ட மாதிரி ஆகும், தொடையின் பின்தசையும் இழுக்கும். காது கொடுத்தாலே தெரியும்: சரியான பாதம் 'டக்' என்று சுருக்கமாக விழும், எட்டிப் போடுகிற பாதம் 'தப்' என்று அறையும். உடனே 10 செ.மீ. குறைங்க.

ஐந்தாவது ஆறாவதில் தட்டுவதற்குக் கால் போதிய உயரம் தூக்காதது காரணம் என்று நினைக்கத் தோன்றும். பல நேரம் காரணம் பாத நுனி கீழ்நோக்கித் தொங்குவது. முழங்கால் மேலே வந்தபோதும் நுனி தொங்கினால் ஹர்டிலில் மாட்டும். "முட்டியைத் தூக்கு" என்று கத்தினால் பிள்ளை முதுகைப் பின்னால் சாய்க்கும், இன்னும் கெடும். "பெருவிரலை மேலே பார்க்க வை" என்று சொல்லிப் பாருங்க. பார்வைக்கு, கடைசி ஹர்டிலுக்கு 10 மீட்டர் அப்பால் ஒரு பிள்ளையை நிறுத்தி விரல்களைக் காட்டச் சொல்லுங்க. ஓடி வருகிறவன் எண்ணிக்கையைச் சொல்லணும். குனிய முடியாது.

அளவு: ஆளுக்கு 4 முதல் 6 ஓட்டம் போதும். மூன்று ஓட்டத்துக்கு ஒருமுறை ஹர்டில் இல்லாத வெற்றுத் தடத்தில் ஒன்று ஓடவிடுங்க, அப்போதுதான் பழகினது சும்மா ஓடுறபோதும் வரும். 10 சுற்று என்பது அதிகம். களைத்த காலில் வேகப் பயிற்சி ஏறாது.

---

ரெய்டர்_பயிற்சி

ஓடுதளம் சொன்னது ஓட்டப் பிள்ளைகளுக்கு அப்படியே சரி. கபடிக்கு நான் ஒத்துக்கமாட்டேன். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், நடுக்கோட்டிலிருந்து கடைசிக் கோடு 6.5 மீட்டர்தான். ரெய்டர் அங்கே நேராக ஆறு எட்டு முழு வேகத்தில் வைக்கிறதே இல்லை. 15 மீட்டர் ஓடிவந்து விக்கெட் கடக்கிறது அவனுக்கு முதல் வேலை ஆகாது.

இன்னொண்ணு. வரிசையா வைச்ச ஹர்டிலைக் கடக்கிறதைச் சுறுசுறுப்புப் பயிற்சின்னு சொல்றோம். அடுத்து எங்க கால் வைக்கணும்னு முன்னாடியே தெரிஞ்சா அதுல முடிவெடுக்கிற வேலை இல்லை. கபடியில முடிவுதான் பாதி ஆட்டம். அதனால ஹர்டில் முடியிற இடத்துல ஒரு கேள்வி வைக்கணும்.

4 ஹர்டில், 6 அங்குலம், 45 செ.மீ. இடைவெளி. பக்கவாட்டா, ஒவ்வொரு இடைவெளியிலும் ரெண்டு காலும் வைக்கணும். போற பக்கத்துக் கால் முதல்ல, மத்த கால் பின்னாடி. கால் மேல கால் குறுக்கே போகக்கூடாது; குறுக்கே போன நொடியில கணுக்காலைப் பிடிச்சா எழுந்திருக்க வழியில்லை. கடைசி ஹர்டிலுக்கு 3 மீட்டர் தள்ளி, முகத்துக்கு நேரா ஒரு பிள்ளை. ஆடுறவன் மூணாவது ஹர்டில் மேல இருக்கும்போதுதான் அவன் இடதோ வலதோ ஒரு அடி எடுத்து வைக்கணும். ஆடுறவன் எதிர்ப்பக்கம் திரும்பி 3 மீட்டர் பாய்ஞ்சு கோட்டைத் தொடணும். சைகை முன்னாடியே வந்தா பயிற்சி வீண், அதைக் கண்டிப்பா கவனிங்க.

இதை கபடி கபடின்னு பாடிக்கிட்டே செய்யச் சொல்லுங்க. ஹர்டில்ல நுழைஞ்சதும் நிறைய பிள்ளைங்க மூச்சை அடக்கிக்கும். வாய் பாடும்போது அந்த இடம் பளிச்சுன்னு தெரியும், பாட்டு அறுந்திடும். ஆட்டத்துல அறுந்தா ரெய்டு போச்சு.

திரும்புற காலைப் பாருங்க. வெளிக்கால் இடுப்பைவிட அகலமா விழணும், விரல் நேரா இருக்கணும், முட்டி மடங்கியிருக்கணும். தோள் வெளிப்பக்கம் சாய்ஞ்சு போச்சுன்னா அதை இழுத்துட்டு வர்றதுக்கே ஒரு எட்டு கூடுதலா ஆகும்.

இடப்பக்கம் 3, வலப்பக்கம் 3. போதும்.

---

பிடி_வாத்தியார்

இருவருக்கும் நன்றி. இரண்டு வரிசைக்கு ஹர்டில் பத்தாதே. விலைக்கு வாங்க நிதி இல்லை. செங்கல் மேல் குச்சி வைத்துச் சமாளிக்கலாமா?

---

பைப்லைன்

செங்கல் வேண்டாம் சார், கால் பட்டால் செங்கல் நகராது, விரல்தான் பெயரும். அரை அங்குல பி.வி.சி. பைப்பில் செய்யலாம். ஒரு ஹர்டிலுக்கு:

மேல் குறுக்குக் குழாய் 60 செ.மீ. ஒன்று
நிற்கிற குழாய் 11 செ.மீ. இரண்டு
தரையில் படுக்கிற குழாய் 12 செ.மீ. நான்கு
டீ (மூன்று வாய் இணைப்பு) இரண்டு, எல்போ (வளைவு இணைப்பு) இரண்டு, எண்ட் கேப் (முனை மூடி) நான்கு

நிற்கிற குழாய் 11 வெட்டினால் டீ, எல்போவோடு சேர்ந்து 15, 16 செ.மீ. வரும். கம்பெனிக்குக் கம்பெனி ஜாயின்ட் மாறும், அதனால் ஒன்றைச் செய்து அளந்த பிறகு மற்றதை வெட்டுங்க. மொத்தம் 130 செ.மீ. குழாய், 20 அடி நீளத்தில் நான்கு ஹர்டில் கிடைக்கும், கொஞ்சம் மிச்சமும் வரும்.

அடிப்பாகத்துக்கு மட்டும் சால்வன்ட் (பைப் ஒட்டும் பசை) தடவுங்க. மேல் குறுக்குக் குழாயை ஒட்டவே கூடாது. எல்போவில் லேசாகச் செருகி வைத்தால், கால் பட்டதும் கழன்று விழும். அது இறுக்கமாக இருந்தால் முனையை உப்புத்தாளால் தேயுங்க. வெயிலிலேயே கிடந்தால் பைப் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும், உடைந்த முனை கத்தி மாதிரி. பயிற்சி முடிந்ததும் அறைக்குள் வைத்துவிடுங்க.

---

கணுக்கால்_பிசியோ

யாரும் தொடாத ஒன்று: இரண்டு காலையும் சேர்த்துத் தாண்டுவது. வினாவில் ஆளுக்கு 10 சுற்று என்று இருக்கிறது. 10 ஹர்டில், 10 சுற்று என்றால் ஒரே நாளில் 100 இறக்கம். உடற்பயிற்சி வழிகாட்டிகளில் புதிதாகத் தொடங்கும் பெரியவர்களுக்கே ஓர் அமர்வுக்கு 80 முதல் 100 தொடுகை (பாதம் தரையில் இறங்குவது) என்பதுதான் வழக்கமான வரம்பு. எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் 13, 14 வயதுக்கு 40இல் தொடங்குங்கள். 5 ஹர்டில், 8 சுற்று, சுற்றுக்கு நடுவே ஒரு நிமிடம். அடுத்த தாண்டுதல் நாளுக்கு முன் 48 மணி நேரம் இடைவெளி.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. வகுப்பறை வாசல்படி உயரத்திலிருந்து, ஏறத்தாழ 20 செ.மீ., இரண்டு காலில் இறங்கி 3 விநாடி அசையாமல் நிற்கட்டும். ஐந்து முறை. முன்னாலிருந்து பாருங்கள்: முட்டி இரண்டும் உள்பக்கமாக ஒன்றையொன்று நெருங்கினால் அந்தப் பிள்ளை இன்னும் தாண்டவேண்டாம். பெண் பிள்ளைகளிடம் இதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள், முழங்கால் தசைநார் கிழிவது இப்படி இறங்கும்போதுதான் நிறைய நடக்கிறது. முட்டி, பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேர் மேலே நிற்கவேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு 12 அங்குல ஹர்டிலை நடந்து கடக்கிற பயிற்சி கொடுக்கலாம்: முன்கால் முட்டி மடங்கி மேலே வரவேண்டும், பின்கால் இடுப்பிலிருந்து பக்கவாட்டில் சுழன்று வரவேண்டும், மெதுவாக.

வலி சொல்கிற பிள்ளையை அங்கேயே பார்த்துவிடலாம். முட்டிச் சில்லுக்கு இரண்டு விரல் கீழே, கீழ்க்கால் முன்னெலும்பு புடைத்திருக்கும் இடத்தை விரலால் அழுத்துங்கள். அங்கே வலித்தால் ஆஸ்குட் ஷ்லாட்டர் (அந்த எலும்பின் வளரும் இடம் நோவது) ஆக இருக்கலாம். திடீரென உயரம் போடும் வயதில் வருவது. குதிகாலின் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிசையும்போது வலித்தால் சீவர் நோயாக (குதிகால் எலும்பின் வளரும் இடம் நோவது) இருக்கலாம். இரண்டிலும் தாண்டுவதையும் வேக ஓட்டத்தையும் நிறுத்தி, மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். "ஓடி ஓடிச் சரியாகும்" என்று விடவேண்டாம்.

அதே வயதில் போன மாதம் நன்றாகக் கடந்த பிள்ளை இந்த மாதம் தட்டத் தொடங்கினால் திட்டாதீர்கள். கால் நீண்டிருக்கும், உடம்பு அதற்கு இன்னும் பழகியிருக்காது.

---

ஓடுதளம்

ரெய்டர்_பயிற்சி சொன்னதை ஏற்கிறேன், கபடிக் குழுவுக்கு விக்கெட் தேவையில்லை. பிசியோ சொன்னது ஓட்டக் குழுவுக்கும் பொருந்தும்: உயரம் போட்ட பிள்ளைக்கு எட்டின் நீளமும் மாறியிருக்கும், தடத்தை மறுபடி அளக்கணும்.

சார் கேட்ட இரண்டு வரிசைக்கு: ஒரு வரிசை விக்கெட், 10 ஹர்டில். இன்னொன்று பக்கவாட்டு, புதுசாகச் செய்கிற 4. 14 பேர் வரிசையில் நின்று 7 விநாடிக்கு ஒருவர் புறப்பட்டால், ஒருவருக்குத் திரும்ப முறை வர 98 விநாடி. அந்தக் காத்திருப்பே ஓய்வு, தனியாக நிறுத்தவேண்டியதில்லை. வரிசையை வேகமாக நகர்த்தணும் என்று அவசரப்படாதீங்க. மூன்று எட்டுக் குழுவையும் ஒரே நாளில் ஓட்டவேண்டாம், நாளுக்கு ஒரு இடைவெளி என்று வைச்சு, மற்ற இரண்டு குழுவுக்கும் அன்று வெற்று ஓட்டம் கொடுங்க.

வார்ம் அப் முடிந்த உடனே செய்யணும், கபடி ஆடி முடித்த பிறகு வேண்டாம். வாரம் 2 நாள், மொத்தம் 20 நிமிடம்.

முன்னேற்றம் பார்க்க ஸ்டாப்வாட்ச் மட்டும் போதாது, கை அழுத்துகிற நேரமே 30 மீட்டரில் முடிவை மாற்றிவிடும். போனில் ஸ்லோ மோஷன் இருந்தால் தரை மட்டத்தில் பக்கவாட்டில் வைத்து எடுங்க. விநாடிக்கு 120 பிரேம் (படம்) என்றால் ஒரு பிரேம் 8 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் மேல். பாதம் மண்ணைத் தொட்ட பிரேமிலிருந்து விட்ட பிரேம் வரை எண்ணுங்க. 18 பிரேம் என்றால் 0.15 விநாடி. அதே பிள்ளைக்கு நாலு வாரத்தில் அது 16 ஆகி, தடத்தின் நீளமும் குறையாமல் இருந்தால், இடைவெளியைத் தொடாதீங்க. பிரேம் குறைந்து தடமும் குறுகியிருந்தால் பிள்ளை திரும்பவும் குறுக்கி வைக்கத் தொடங்கியிருக்கு. கடைசி ஐந்து ஹர்டிலையும் எடுத்துவிட்டு, முதல் ஐந்தை மட்டும் வைத்து, மீதித் தூரத்தைத் தண்ணீர் தெளித்த மண்ணில் ஓடவிட்டு அளங்க.