எர்டிக் மாளிகை: அங்க வேலை பார்த்தவங்க முகத்தை நின்னு பாருங்க

வேல்ஸ்ல ரெக்ஸம் ஊருக்குப் பக்கத்துலயே இருக்கு எர்டிக், 1680கள்ல கட்டின வீடு. அங்க நம்மள உள்ள விடுறதே பின்பக்கமாத்தான், தச்சுப்பட்டறை, கொல்லுப்பட்டறை, குதிரை லாயம், துணி வெளுக்குற ரூம், சமையல்கட்டு எல்லாம் தாண்டித்தான் பெரிய ஹால், பட்டு மெத்தைன்னு பார்க்கப் போறோம். எனக்கு அந்த வரிசையே ரொம்பப் பிடிச்சுது.

வேலையாட்கள் சாப்பிடுற ஹால்ல தான் நான் ரொம்ப நேரம் நின்னேன். 1790கள்ல அந்த வீட்டு முதலாளி பிலிப் யார்க் தன்கிட்ட வேலை பார்த்தவங்கள ஒவ்வொருத்தரா ஆயில் பெயிண்டிங்ல வரைய வச்சிருக்கார், தச்சர், கொல்லர், வேட்டைக் காட்டைக் காவல் காக்குறவர்னு, ஒவ்வொண்ணுக்கும் அவரே எழுதின பாட்டும் படத்துலயே இருக்கு. அதுல ஜேன் எப்ரெல்னு ஒரு பாட்டி, ஒட்டடை அடிக்குற வேலை, 1793ல வரைஞ்சப்ப வயசு 87! அந்தக் காலத்துல ஒட்டடை அடிச்ச அம்மாவோட பேரும் முகமும் இன்னிக்கும் சுவத்துல இருக்குன்னா சாதாரண விஷயமா சொல்லுங்க, மத்த மாளிகைங்கள்ல பிரபுக்களையும் அவங்க குதிரைங்களையும் தான் வரைஞ்சு மாட்டியிருப்பாங்க. கேமரா வந்தப்புறமும் விடல, 1852ல எல்லாரையும் கூட்டி கையில அவங்கவங்க வேலைச் சாமானோட நிக்க வச்சு போட்டோ எடுத்திருக்காங்க.

அப்புறம் வீடு பட்ட பாடு இருக்கே. அடியில நிலக்கரி தோண்டினதுல கட்டிடமே சுமார் 5 அடி இறங்கி, கூரை ஒழுகி, கடைசி வாரிசு (அவர் பேரும் பிலிப் யார்க் தான்) கரண்ட் கனெக்‌ஷன் கூட இல்லாம அங்கயே இருந்து, 1973ல உள்ள இருக்குற சாமான் எதையும் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லி நேஷனல் டிரஸ்ட்டுக்கு (பழைய மாளிகைங்களைப் பாதுகாக்குற அமைப்பு) கொடுத்துட்டார். வித்திருந்தா இந்தப் படமெல்லாம் ஆளுக்கொரு மூலையா ஏலத்துல போயிருக்கும், அதை நினைச்சாலே பதறுது.

தோட்டமும் விட்டுடாதீங்க, நேர்கோடா ஒரு நீளமான கால்வாய், ரெண்டு பக்கமும் லைம் மரங்க (எலுமிச்சை இல்ல, லிண்டன்னு சொல்ற நிழல் மரம்), செங்கல் சுவத்தோட ஒட்டிப் படர விட்ட பழ மரங்க. வீட்டுக்குள்ள போற நேரம் சீசனுக்கு சீசன் மாறும், கிளம்புறதுக்கு முன்னாடி செக் பண்ணிக்கோங்க. தோட்டத்தை மட்டும் சுத்திட்டு வந்துட்டீங்கன்னா ஜேன் பாட்டிய பார்க்க முடியாமப் போயிடும்.